காலை டிபன் சென்னையில், ராத்திரி சாப்பாடு மாஸ்கோவில்

காட்டோரத்து ஏரியில் குளிர்காலத்தைக் கழித்த நீலச்சிறகி வாத்துகள் ஊர் திரும்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. ஊர் என்றால் கூப்பிடு தூரம் இல்லை. இமயமலையைத் தாண்டி, பாலைவனத்தைத் தாண்டி, மாஸ்கோ பட்டணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓர் ஏரி. அங்கே போய்த்தான் கூடு கட்டி முட்டையிட வேண்டும்.

அதனால் எல்லா வாத்துகளும் நத்தையும் கோரை விதையுமாக விழுங்கிக் கொழுத்துக்கொண்டிருந்தன. மருதன் என்ற ஆண் வாத்து மட்டும் கரையில் நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது. கூட்டத்திலேயே ஒல்லியான உடம்பு தன்னுடையதுதான் என்று அதற்கு ஒரே பெருமை! ஜோடியான அல்லி, ரெண்டு வாயாவது தின்னும்படி கெஞ்சிப் பார்த்தது. இந்த முறை கட்டப்போவதுதான் அவை இரண்டும் சேர்ந்து கட்டும் முதல் கூடு.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தது மரகதம் என்ற கிளி. சென்னையில் விமான டிக்கெட் விற்கும் கடையின் கூண்டிலிருந்து தப்பி வந்த மேதை அது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் பயண நேரம் சொல்லும். தான் மட்டும் ஆலமரத்திலிருந்து அத்திமரத்துக்குப் போவதற்குள் ரெண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்.

மருதன் பவ்வியமாகப் போய், மாஸ்கோவுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டது.

“காலை டிபன் சென்னையில், ராத்திரி சாப்பாடு மாஸ்கோவில்” என்றது கிளி.

வரும்போது வாரக்கணக்கில் ஆயிற்றே என்று மருதன் தலையைச் சொறிந்தது.

“அது நாலு இடத்தில் இறங்கி ஏறுகிற வழி. நான் சொல்வது நேராகப் போகிறது!”

மருதனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை காலம் வாத்துக் குலமே ஏமாந்திருக்கிறது! அந்தக் கிளி எப்போதாவது போயிருக்கிறதா என்று அல்லி கேட்டதற்கு, படித்தவர்களிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று மருதன் அடக்கிவிட்டது.

கூட்டம் கிளம்பியது. வழியில் ஒரு குளம் கண்டதும் எல்லாம் இரை தேட இறங்கின. மருதன் இறங்கவில்லை. கூட்டுக்கு நல்ல இடமாகப் பிடித்து வைப்பதாக அல்லியிடம் சொல்லிவிட்டு, நேராகப் பறந்தது. இருட்டும்வரை பறந்தது. மாஸ்கோ வரவில்லை. ஒரு குட்டைதான் வந்தது. அதில் பொத்தென்று விழுந்தது.

கூட்டத்தோடு பின்னால் வந்த அல்லி அதைக் கண்டு பதறி இறங்கியது. நத்தையைக் கொத்திவந்து ஊட்டியது. எலும்பும் தோலுமாய் இருந்த உடம்பு எழும்பவே இல்லை. கூட்டம் போய்விட்டால் தனியாக மலை தாண்ட முடியாது. முட்டையிடும் காலமும் காத்திராது.

“உன்னை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை” என்று அழுதபடி அல்லி கிளம்பியது.

மருதன் தத்தித் தத்திப் பழைய ஏரிக்கே திரும்பியது. அதற்குள் கோடை வந்து ஏரி பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. கிளி சௌக்கியமாக அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தது.

“உன் பேச்சை நம்பி என் குடும்பமே போச்சு! ஒரே நாளில் போய்விடலாம் என்றாயே?” என்று மருதன் கத்தியது.

கிளி பழத்தை ஒதுக்கிவிட்டு மருதனை மேலும் கீழும் பார்த்தது.

“நான் விமானத்துக்குச் சொன்னேன். நீ விமானமா?”

யாருடைய சிறகுக்குச் சொன்ன கணக்கு என்று கேட்காமல் கிளம்புகிறவர், ஊரும் போய்ச் சேரமாட்டார், உறவோடும் சேரமாட்டார்.