கொட்டாங்காட்டார் பியானோக் கச்சேரிக்குப் போனது

கொட்டாங்காட்டு ஜனங்களுக்குப் புத்தி இல்லை என்று சொல்பவன் பொய்யன். நிறையவே உண்டு. ஊருக்குப் பொதுவாக வைத்திருப்பதால், அவசரத்துக்கு யார் கையிலும் அது சிக்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் செங்கோடனுக்குப் பெண் அமையவில்லை. போன இடமெல்லாம் பஜ்ஜியைக் கொடுத்து, பதிலைக் கொடுக்காமல் அனுப்பினார்கள். கடைசியில் கோயமுத்தூரில் மதுரவல்லி என்று ஒரு பெண், பியானோ வாசிப்பவள். அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து செங்கோடன் சோற்றில் ஊற்றியது ரசமா வெந்நீரா என்று தெரியாமல் சாப்பிட்டான். இவளும் மாட்டேன் என்றால் தாங்காது என்று அவனுக்கே தெரிந்தது.

பெண்ணின் அப்பா சிவக்கொழுந்து போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மதுரா கச்சேரி. காலையிலயே வந்து ஓவியக் கண்காட்சியைப் பாருங்க, நல்ல துணியா எடுத்து உடுத்திக்கிட்டு வந்துடுங்க."

செங்கோடன், அவன் தாய்மாமன் பச்சியப்பன், சித்தப்பா காரியண்ணன் மூவரும் பஸ் ஏறினார்கள்.

கண்காட்சியில் ஒரு பெரிய படம். சிவப்பாக ஏதோ வழிந்திருந்தது. "தள்ளி நின்னு பாருங்க, அப்பத்தான் புரியும்," என்றார் காவலாளி.

தள்ளி நின்றார்கள். புரியவில்லை. வாசல்வரை தள்ளிப் போனார்கள். புரியவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். நடுவே ஒரு டவுன் பஸ் வந்து நின்றது.

"இப்பப் புரியுதுங்களா மாமா?"

"பஸ்ஸு படம்டா மாப்ளே. எத்தனை தத்ரூபமா வரைஞ்சிருக்கான் பாரு, புகைகூட வருது."

துணிக்கடையில், "அந்தப் பொம்மை போட்டிருக்கிற மாதிரியே போட்டுக்குங்க சார், ராஜா மாதிரி இருப்பீங்க," என்றாள் விற்பனைப் பெண். பொம்மை நீலக் கோட்டு போட்டிருந்தது. முதுகுப்பக்கம் குண்டூசி குத்தி இறுக்கியிருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

மூவரும் யோசித்தார்கள்.

"கோட்டு சரி, குண்டூசியும் சரி," என்றார் காரியண்ணன். "இவனுக்குத் தலை ஒண்ணு கூடுதலா இருக்குதே?"

"வெட்டவா முடியும்? பொண்ணு பார்க்கற நாளும் அதுவுமா!" என்றார் மாமா. "துண்டைப் போட்டு மூடிக்கலாம்."

அப்படியே மூடிக்கொண்டு, மாமாவின் தோளைப் பிடித்தபடி செங்கோடன் அரங்குக்கு வந்து சேர்ந்தான். சிவக்கொழுந்து துண்டை விலக்கி, உள்ளே மாப்பிள்ளைதான் இருக்கிறாரா என்று பார்த்து, பெருமூச்சு விட்டு முதல் வரிசையில் உட்காரவைத்தார்.

மேடையில் மதுரவல்லி. அவள் முன்னே மாட்டுத்தொட்டி போல நீளமான கறுப்புப் பெட்டி. அதன் மூடியைத் தூக்கி ஒரு குச்சியால் முட்டுக்கொடுத்திருந்தது.

காரியண்ணன் முகம் வெளுத்தது. "எலிப்பொறிடா! பாவம், புள்ளை தெரியாம உள்ளே கையை விடுது பாரு!"

"சத்தம் போட்டு எச்சரிக்கை பண்ணலாமுங்களா?" என்றான் செங்கோடன்.

"சத்தம் போட்டா அதிர்ச்சியில குச்சி நழுவும்," என்றார் மாமா. " மாப்ளே, கட்டிக்கப் போறவன் நீ. நீதான் பார்க்கோணும்."

செங்கோடன் எழுந்தான். மேடையேறினான். இரண்டு கையாலும் மூடியைப் பிடித்தான். முதுகில் குண்டூசி குத்தக் குத்த, கண் இமைக்காமல், கச்சேரி முடியும் மட்டும் நின்றான். இதுவும் வெளிநாட்டு வழக்கம்போலும் என்று சபை நினைத்துக்கொண்டது.

கடைசி ஸ்வரம் அடங்கியது. சிவக்கொழுந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். மதுரவல்லி எழுந்து செங்கோடனைப் பார்த்தாள்.

"எதுக்குங்க இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?"

"உங்க கை நசுங்கிடக் கூடாதுங்களே."

அவள் சிரித்தாள். பிறகு அப்பாவிடம், "என்னைப் பார்க்க வந்தவங்க எல்லாம் கச்சேரியில தூங்கினாங்கப்பா. இவர் ஒருத்தர்தான் நின்னு கேட்டார். எனக்குச் சம்மதம். ஆனா என் பியானோ என்கூட வரணும்," என்றாள்.

செங்கோடனுக்குக் குண்டூசி வலி அந்த நிமிஷமே போய்விட்டது.

"பேஷா வரட்டும்," என்றார் மாமா. "எங்க ஊர் வழக்கப்படி பொண்ணு வீட்டுச் சீரை நாங்களே தோள்ல தூக்கிட்டுப் போவோம். சீர் ஊர் எல்லையைத் தொட்டாத்தான் தாலி."

மறுநாள் காலை மூவரும் பெண் வீட்டுக்குப் போய்ப் பியானோவைப் பிடித்துத் தூக்கினார்கள். அசையவில்லை. மாமா அதைச் சுற்றிவந்து, காதை வைத்து, ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார். டொய்ங் என்றது.

"அதானே பார்த்தேன்! உள்ளே பாட்டு ரொம்பி இருக்குது. ரொப்பின அண்டாவை அப்படியே யாராச்சும் தூக்குவானா? மொதல்ல காலி பண்ணோணும்."

"எவ்வளவு நேரமாகுமுங் மாமா?"

"நேத்து அந்தப் புள்ளை ஒருத்தியே அத்தனை இறைச்சா. நாம மூணு பேர். மத்தியானத்துக்குள்ள வத்திடும்."

உட்கார்ந்து இறைக்க ஆரம்பித்தார்கள். முறை வைத்து இறைக்கிறார்கள். மூன்று கல்யாண முகூர்த்தம் தாண்டிவிட்டது. போன வாரம் நான் போய்ப் பார்த்தபோது, செங்கோடன் விரலில் துணி சுற்றிக்கொண்டு இடது கோடியில் அடித்துக்கொண்டிருந்தான். "இந்தப் பக்கம்தானுங் ஆழம் ஜாஸ்தி," என்றான்.

மதுரவல்லியைக் காணோமே என்று கேட்டேன். இவர்கள் இறைக்கிற வேகத்துக்கு ஈடாக அவளும் ராத்திரியில் வாசித்துக்கொண்டிருந்தாளாம். அதில் மறுபடி ரொம்பிவிடுகிறதோ என்ற சந்தேகத்தில், அவளை மட்டும் சீர் இல்லாமல் முன்கூட்டியே கொட்டாங்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.