சிலந்தி கட்டிய நூல்

குளக்கரைப் புதரில் ஒரு சிலந்தி இருந்தது. அதற்கு ஒரே பெருமை!

"என் நூலை யார் காலில் வேண்டுமானாலும் கட்டுங்கள். பொய் சொன்னால் நூல் ஆடும். நான் கண்டுபிடித்துவிடுவேன்!"

அணில் பிள்ளைகள் நாவல்பழத்தை ஒளித்துவைத்து விளையாடும். சிலந்தி நூலைக் கட்டிக் கேட்கும். ஒளித்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குவான். சிலந்தி ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. அப்புறம் கேட்கவா வேண்டும்? எட்டுக் காலில் ஒன்றாவது தரையில் பட வேண்டுமே!

அந்தக் கோடையில் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் காணாமல் போயின. சுற்றிலும் வேறு தண்ணீர் கிடையாது. "திருடியவருக்கு இனிமேல் இந்தக் குளம் இல்லை!" என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தது உடும்பும் முயலும்தான்.

சிலந்தி முதலில் உடும்பின் காலில் நூலைக் கட்டியது.

"முட்டையைத் தின்றாயா?"

"எனக்கு முட்டை வாடையே ஆகாதே, அக்கா!" உடும்பு கொட்டாவி விட்டது. நூல் அசையவில்லை.

அடுத்தது முயல்.

"ஐயோ, நான் இல்லை அக்கா! குட்டிகளை வைத்துக்கொண்டு தண்ணிக்கு எங்கே போவேன்?" நூல் கிடுகிடுவென்று ஆடியது.

"அகப்பட்டது திருட்டு!" என்று சிலந்தி குதித்தது.

முயல் அழுதுகொண்டே குட்டிகளோடு கிளம்பியது. ஆள்காட்டிக்கு மனசு கேட்கவில்லை.

"புல் தின்கிற முயலா என் முட்டையைத் தின்றது? எங்கே சிலந்தி, உன் காலிலேயே கட்டு பார்ப்போம். நூல் ஆடினால் உனக்கும் குளம் கிடையாது. சொல்லு, நீ தின்றாயா?"

"இ... இல்லை!" நூல் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அடேயப்பா! இத்தனூண்டு வயிற்றில் முட்டையை எங்கே வைத்தாய்?" என்று தவளை விழுந்து விழுந்து சிரித்தது.

சிலந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "விளையாட்டில் யாருக்கும் பயமில்லை, திருடன் மட்டும் குலுங்கினான். இங்கே பயந்தவர்கள் எல்லோரும் நடுங்குகிறோம். வலையில் சருகு விழுந்தாலே ஈ என்று ஓடி ஏமாறுகிறவள் நான். எனக்கு எதற்கு இந்த நாட்டாமை?"

பிறகுதான் எல்லோரும் கூட்டைப் போய்ப் பார்த்தார்கள். வால் இழுபட்ட தடம் மணலில் நீளமாகப் போய், உடும்பின் வளையில் முடிந்தது. உள்ளே முட்டை ஓடுகள். உடும்பு ஓடியே போய்விட்டது.

சிலந்தி மூச்சிரைக்க முயலின் பின்னால் ஓடியது. "மன்னிச்சுக்கோ தாயி! வந்து தண்ணி குடி!"

"இன்னும் கால் நடுங்குதே, அக்கா!"

"நடுங்கட்டும் தாயி, எனக்கும்தான்!"

நல்லவரும் பயந்தால் நடுங்குவார், திருடனும் துணிந்தால் சும்மா இருப்பான். ஆகவே நடுக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், நடந்ததைத் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.