வைரவனுக்குத் தெரியாமல் எடுத்த படம்

உலகத்தில் எத்தனையோ பேர் கைபேசியில் எத்தனையோ படம் எடுக்கிறார்கள். கோணமங்கலத்தில் நாங்கள் நான்கு பேர் ஒரே ஒரு படம் எடுக்க ஐந்து நாள் பாடுபட்டோம். அந்தப் படத்தில் இருக்கவேண்டிய ஆள் நான். ஆகவே நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எனக்கு அது புரிந்ததா என்பது வேறு விஷயம்.

என் பெயர் வைரவன். வயது முப்பத்து நான்கு. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். என் நண்பர்கள் மூவர். மாவு மில் ராசய்யா, முடிதிருத்தும் தவசிமுத்து, வாழைக்காய் மண்டி சண்முகக்கனி. எங்களில் ராசய்யாவிடம் மட்டும்தான் படம் எடுக்கும் போன் இருந்தது. அதனால் எங்களில் அவன்தான் அறிவாளி.

ராசய்யா எதையும் விடமாட்டான். கடித்த வடை, கடிக்காத வடை, குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்கள், என் கடைச் சுவரில் இருக்கும் பல்லி என்று எல்லாவற்றையும் எடுப்பான். எல்லாப் படத்திலும் ஒரு மூலையில் அவனுடைய கட்டைவிரல் இருக்கும். ஓவியர்கள் கையெழுத்துப் போடுவதில்லையா, அது மாதிரி என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

ஒரு புதன்கிழமை, கீழப்பாறையில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா பொன்னுத்தாய் போன் செய்தாள்.

"டேய் தம்பி, உனக்கு ஒரு பொண்ணு பார்த்திருக்கேன். பேரு செண்பகம். சைக்கிள்ல போய்த் தபால் குடுக்கிற வேலை. அவளுக்கு ஸ்டூடியோ படம் வேண்டாமாம். கோட்டு போட்டு, பின்னால அருவி கொட்டுற மாப்பிள்ளைங்களைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுட்டாளாம். அன்னாடம் நீ எப்படி இருப்பியோ அப்படி, உனக்கே தெரியாம எடுத்த படம் ஒண்ணு வேணுமாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு. இல்லேன்னா வேற இடம் பார்த்துடுவாங்க. இதையும் விட்டா உனக்குப் பொண்ணு தேட எனக்குத் தெம்பில்லை."

இது எனக்குப் பன்னிரண்டாவது இடம். முந்தைய பதினோரு இடங்களும் என் படத்தைப் பார்த்த பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்றன. அதில் நான்கு பேர் ஜாதகமே வாங்கவில்லை.

அன்று மாலையே கடையில் நால்வரும் கூடினோம்.

"யாருக்குத் தெரியாம எடுக்கணும்?" என்று கேட்டான் தவசிமுத்து.

"வைரவனுக்கு," என்றான் ராசய்யா.

"அப்ப இந்த விஷயம் வைரவனுக்குத் தெரியக்கூடாது."

மூவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியும்ப்பா," என்று ஒப்புக்கொண்டேன்.

"யார் சொன்னா?"

"அக்காதான்."

"நாசமாப் போச்சு!" என்று தலையில் கை வைத்தான் சண்முகக்கனி. "பொண்ணு பார்த்தவளே காரியத்தைக் கெடுத்துட்டாளே!"

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள நான் மறந்துடறேன். அதுக்கப்புறம் எடுங்க."

எல்லாருக்கும் நிம்மதியாயிற்று. மறக்கவேண்டும் என்பது மறந்துவிடாமல் இருக்க, வேட்டி நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ராசய்யா வந்தான். "என்னடா, மறந்துட்டியா?"

"எதை?"

"படம் எடுக்கப்போறதை."

"மறந்துதான் இருந்தேன். இப்ப ஞாபகம் வந்துடுச்சு."

"சரி, மறுபடி மற. பத்து நிமிஷம் கழிச்சு வர்றேன்."

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து மறந்துவிட்டேனா என்று கேட்டான். இப்படியே மதியம் ஆகிவிட்டது. பிறகு சண்முகக்கனிதான், "கண்ணை மூடிக்கிட்டா அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றான். இவ்வளவு புத்தியை வைத்துக்கொண்டு இவன் ஏன் வாழைக்காய் விற்கிறான் என்று எனக்குத் தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ராசய்யாவுக்குப் போன் விற்ற கடைக்காரர் அப்போது மூன்று விதிகள் சொல்லி அனுப்பியிருந்தார். ராசய்யா விதி மீறாதவன்.

முதல் விதி, வெளிச்சம் படம் எடுப்பவனின் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். உச்சி வெயிலில் ராசய்யாவின் முதுகில் எமர்ஜென்சி விளக்கு ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டினோம். அவன் திரும்பும்போதெல்லாம் தவசிமுத்து பின்னாலேயே ஓடி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

இரண்டாவது விதி, பெரிதாகத் தெரியவேண்டுமானால் போனை நோண்டாமல் கிட்டப் போகவேண்டும். ராசய்யா கிட்டப் போனான். இன்னும் கிட்டப் போனான். போன் என் நெஞ்சில் இடித்ததும் அமுக்கினான். அதை அக்காவுக்கு அனுப்பினோம்.

அக்கா உடனே கூப்பிட்டாள். "என்னடா இது, தோசைக்கல்லா?"

"உன் தம்பியோட சட்டைப் பொத்தான் அக்கா," என்றான் ராசய்யா. "மேலேயிருந்து மூணாவது."

அக்கா போனை வைத்துவிட்டாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று ராசய்யா சொன்னான். மற்ற பொத்தான்களையும் எடுத்தான்.

மூன்றாவது விதிதான் முக்கியமானது. நிறைய எடுக்கவேண்டும், நன்றாக இல்லாததை அழித்துவிடவேண்டும். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் நாற்பது படம் எடுத்துவிட்டான். நான்கு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

"இது நல்லா இருக்கா?"

"இல்லை. வைரவன் மூஞ்சி தெரியுது."

"அழி."

"இது?"

"இதுலயும் தெரியுது."

"அழி."

உண்மையை மறைப்பானேன்? நானும் கையைத் தூக்கி "அழி" என்றுதான் சொன்னேன். கடைசியில் ஆறு படங்கள் மிஞ்சின. தண்ணீர்த் தொட்டி, பழைய டயர், ஒரு நாய், மூன்று பொத்தான். படங்கள் மிகவும் நன்றாக இருந்தன. நாயைப் பார்த்தவுடன், "இப்படி ஒரு முகவெட்டு உனக்கு இருந்திருந்தா இந்நேரம் உனக்கு ரெண்டு பிள்ளைடா," என்று தவசிமுத்து பெருமூச்சு விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மூன்று பேரும் கடை வாசலில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின் சக்கரத்தில் காற்றில்லை.

வேலை வந்துவிட்டால் எனக்கு உலகம் மறந்துவிடும். டியூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று மூக்கு நனையக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி வந்ததும் வழக்கம்போல, "அகப்பட்டியா கண்ணு!" என்று சிரித்தேன். பின்னால் 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தப் பெண் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். "நான்தான் செண்பகம். உங்க அக்கா பொத்தான் படம் காட்டினாங்க. சரி, மிச்சத்தையும் நேர்ல பார்த்துடலாம்னு வந்தேன்."

படத்தில் நான் இருந்தேன். நனைந்த மூக்கும், வாயெல்லாம் பல்லுமாக இருந்தேன். என் படத்தைப் பார்த்து எனக்கே பயம் வராதது அதுதான் முதல் தடவை. "எனக்கு இது போதும்," என்றாள் செண்பகம்.

ராசய்யா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"டேய், நீ இந்தப் படத்தைப் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேனே."

"அப்ப இது உனக்குத் தெரிஞ்ச படம் ஆயிடுச்சே!"

"ஆமா, செல்லாது," என்றான் தவசிமுத்து.

"விதி விதிதான்," என்றான் சண்முகக்கனி.

ராசய்யா அழித்துவிட்டுப் போனைப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தான். "கவலைப்படாதீங்கம்மா. நல்ல நேரத்துல பார்த்தோம்."

செண்பகம் எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா," என்றேன் நான். "இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்கன்னு கொஞ்சம் கவனமா இருக்கோம்."

அவள் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மாலையில் அக்கா கூப்பிட்டாள். "பொண்ணுக்குச் சம்மதமாம்டா! சிரிச்சுச் சிரிச்சு விலா வலிக்குதாம், இருந்தாலும் சம்மதமாம்." எதற்குச் சிரித்தாள் என்று அக்கா சொல்லவில்லை. நானும் இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாளே ராசய்யா என் போனை வாங்கி வைத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டேன். "சும்மா," என்றான். சும்மாதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தவசிமுத்து என்னை உட்காரவைத்து முடி வெட்டிவிட்டான். சண்முகக்கனி ஒரு முழக்கயிற்றால் எனக்குச் சட்டை அளவு எடுத்தான். ஊரில் எல்லார் வீட்டுக்கும் ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. கூப்பிடாத கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆவணி மூன்றாம் தேதி காலை, ஊரே பட்டு கட்டிக்கொண்டு கோவில் பக்கம் போயிற்று. நாகஸ்வரம் கேட்டது. மேளக்காரரின் சைக்கிளுக்கு நான்தான் காற்று அடித்துக் கொடுத்தேன். யாரோ கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு டியூபைத் தொட்டியில் முக்கினேன்.

சற்று நேரத்தில் நாகஸ்வரம் பாதியில் நின்றது. யாரோ விறுவிறுவென்று நடந்து வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். கூறைப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக, கையில் இரண்டு மாலையோடு செண்பகம் நின்றாள். அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க அக்கா நின்றாள்.

நான் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் பார்த்தேன்.

"சைக்கிள் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அசையாதே!" என்று வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து ராசய்யா கத்தினான். முதுகில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அவனுக்கு இன்னும் தெரியலை! கிளிக்!"

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று பார்க்காமல் போவதில்லை. படம் முழுவதும் ராசய்யாவின் கட்டைவிரல்தான். ஆனால் விரலுக்குப் பின்னால் நான் மிகவும் இயல்பாக இருக்கிறேன்.