கொட்டாங்குறிச்சிச் சங்கத்துக்கு வந்த ஈமெயில்

கொட்டாங்குறிச்சி ஊர்நலச் சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளையாவது இருந்திருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்காது. தலைவர் மந்திரமூர்த்தி, செயலாளர் பொன்னுலிங்கம், உறுப்பினர் பிரம்மசக்தி அம்மாள். மூவரும் கைதூக்கித் தீர்மானம் போடாமல் அங்கே ஃபேன்கூடச் சுற்றாது.

ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸையும் திங்கட்கிழமையோடு நிறுத்தப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளி மாலை நாலு மணிக்குள் ஈமெயிலில் அனுப்பலாம் என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். பிரம்மசக்தியின் மகள் அந்த பஸ்ஸில்தான் காலேஜ் போகிறாள். பஸ் நின்றால் படிப்பும் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் பொன்னுலிங்கம் சங்கத்துக் கம்ப்யூட்டரில் மனுவை டைப் அடித்தார். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தது. டைப் அடித்த இடத்திலிருந்தே அனுப்ப ‘ஈமெயிலில் அனுப்பு’ என்று ஒரு வசதி இருந்தது. தீர்மானம் போட்டு அழுத்தினார்கள். ‘மெயில் புரோகிராம் எதுவும் அமைக்கப்படவில்லை’ என்று ஒரு பெட்டி வந்தது. கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பட்டன்.

“எப்படிவே சரிங்கது? எனக்கு இதுல சம்மதமே இல்ல,” என்றார் தலைவர்.

வாக்கெடுப்பு நடந்தது. மூன்று பேரும் எதிர்ப்பு. ஆகவே ஒன்றரை மணி நேரம் யாரும் பட்டனை அழுத்தவில்லை. பெட்டியும் போகவில்லை.

கடைசியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த டவுன் கடைக்காரர் ஜெபசிங்குக்கு போன் போட்டார்கள். “பயப்படாதீங்க, சின்ன வேலைதான். நான் சொல்லுத வரைக்கும் எதையும் தொடாதீங்க,” என்றார் அவர்.

பொன்னுலிங்கம் உடனே போனை மேஜையில் வைத்துவிட்டார். மூவரும் மூன்றடி பின்னால் போய்க் கைகட்டி நின்றார்கள். போன் ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்து ஓய்ந்தது. பிறகு மணி அடிக்க ஆரம்பித்தது.

“அண்ணாச்சி, போன் அடிக்கி. எடுக்கவா?” என்றார் பிரம்மசக்தி.

“அவரு தொடச் சொன்னாரா?”

“அவரு சொல்லணும்னா நாம எடுக்கணும்லா?”

“நாம எடுக்கணும்னா அவரு சொல்லணும்லா?” என்றார் தலைவர்.

இருபத்து மூன்று முறை அடித்த பிறகு ஜெபசிங் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்து சேர்ந்தார். மெயில் புரோகிராமை அமைத்தார். டைப் அடிக்கும் இடத்தில் அதைக் கோத்துவிட்டார். அவரே மனுவை அனுப்பியும் இருப்பார். ‘சங்கத்து மனுவை வெளியாள் அனுப்பக் கூடாது’ என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். மனுஷன் கும்பிடு போட்டார்.

“பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீங்க. முதல்ல உங்களுக்கே அனுப்பிப் பாருங்க. வந்துட்டுன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்,” என்று சொல்லிவிட்டு பைக்கை முறுக்கினார்.

மறுபடி அழுத்தினார்கள். மனு தானாகவே ஈமெயிலில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றது. புரோகிராம் பாஸ்வேர்டு கேட்டது.

“சொல்ல மாட்டேன்,” என்றார் பொன்னுலிங்கம்.

“கம்ப்யூட்டருதானவே கேக்கு!” என்றார் தலைவர்.

“யாருக்கும் சொல்லாதீங்கன்னாரு. கம்ப்யூட்டரு என்ன எனக்கு மாமனா, மச்சானா?”

அம்மாள் அழுதே விட்டார். அதைப் பார்த்து மனம் இளகிய பொன்னுலிங்கம், மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரிடம் யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தார். மணி மூன்றரை. ஜெபசிங் சொன்னபடி சங்கத்து முகவரிக்கே அனுப்பினார்கள். அடுத்த நிமிஷம் கம்ப்யூட்டர் மணி அடித்தது.

“ஈமெயில் வந்திருக்கு! யாரோ நமக்கு மனு போட்டிருக்காங்க,” என்றார் பொன்னுலிங்கம்.

சங்கத்தின் வழக்கப்படி வந்த மனுவை எழுந்து நின்று படித்தார்கள். பஸ்ஸை நிறுத்த வேண்டாமாம். கீழே ‘ஊர்நலச் சங்கம், கொட்டாங்குறிச்சி’ என்று இருந்தது.

தலைவருக்கு ரத்தம் கொதித்தது. “நம்ம ஊர்லயே போட்டிச் சங்கமா? நம்ம பேரையே வச்சிருக்கானுவ!”

“விஷயம் நியாயமாத்தான் இருக்கு, அண்ணாச்சி,” என்றார் பிரம்மசக்தி.

“நியாயமா இருந்தா? பஸ் விடுத அதிகாரம் நமக்கு ஏது?”

அம்மாளும் யோசித்துக் கைதூக்கினார். ‘தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது’ என்று பதில் எழுதி, வந்த முகவரிக்கே அனுப்பினார்கள்.

கம்ப்யூட்டர் மறுபடி மணி அடித்தது. பொன்னுலிங்கம் படித்தார்.

“போச்சு. நம்ம மனுவைத் தள்ளிட்டானுவ.”

பிரம்மசக்தி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். “எம் மவ படிப்புல மண்ணள்ளிப் போட்ட பாவி எவன்?”

பொன்னுலிங்கம் அனுப்பியவர் முகவரியைப் பார்த்தார். கொட்டாங்குறிச்சி, ஊர்நலச் சங்கம்.

அவ்வளவுதான். மூவரும் கொதித்தெழுந்து வெளியே வந்து, சங்கத்து வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். “வெளியே வா! பதில் சொல்!” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நாலு மணி அடித்தது. உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை.

கத்திக் கத்திக் களைத்த தலைவருக்குத் திடீரென்று பொறுப்பு வந்தது. எழுந்து உள்ளே போய், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“என்னைத் திட்டி என்ன செய்ய? என் கையில என்ன இருக்கு? தீர்மானம் அப்படி!”

வெளியே இருந்த இருவரும் கத்துவதை நிறுத்தினார்கள்.

“பாவம், நல்ல மனுஷன்,” என்றார் பிரம்மசக்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நம்ம தலைவரும் இருக்காரே, உள்ள போனவரு இன்னும் வரல.”