போதும் சொல்லாத பந்தி

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். பெண்பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். குருவம்மாவுக்கு வயது அதிகமில்லை. அவருடைய சீடர் அருணாசலம்தான் மூத்தவர். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

அங்கே பிள்ளைகளே பரிமாறுவார்கள். சாப்பிடுகிறவர் வாய் திறந்து ‘போதும்’ என்று சொல்லும்வரை கையை நிறுத்தக் கூடாது. யாரும் அரைவயிறோடு எழுந்துவிடக் கூடாதே என்று அன்பாக வைத்த வழக்கம் அது.

செண்பகத்துக்குத் திக்குவாய். அவள் சொல்லி முடிப்பதற்குள் இலை நிரம்பிவிடும். தங்கக்கொடி ரசம் ஊற்றுகிற நாளில் பாவாடையெல்லாம் ரசம்.

“சொல்லுடி, சொன்னாத்தானே நிறுத்துவேன்!”

பந்தியே சிரிக்கும்.

அருணாசலம் ஒருநாள் தங்கக்கொடியை எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தார். “ம... ம... மன்னிச்சிடு” என்று செண்பகத்தைப் போலவே திக்கிக் காட்டினாள் அவள். பந்தி இன்னும் பெரிதாகச் சிரித்தது.

செண்பகம் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். இனி படிப்பே வேண்டாம் என்று. அவளைக் கூட்டிப்போக அப்பா வந்து நின்றார்.

“அம்மா, போக வேண்டியது தங்கக்கொடிதானே? அவளை அனுப்பிடலாமா?” என்று கேட்டார் அருணாசலம்.

“முதல்ல எல்லாரும் சாப்பிடட்டும்” என்றார் குருவம்மா. செண்பகத்தின் அப்பாவையும் உட்கார வைத்தார். ரசக் கரண்டியைத் தங்கக்கொடியிடமே கொடுத்தார்.

“இன்னைக்கு யாரும் போதும்னு சொல்லக் கூடாது. போடுறவங்களும் கேக்கக் கூடாது. மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்.”

பந்தியில் ஒரே கூத்து. முதல் இலையிலேயே தங்கக்கொடி குளம் கட்டிவிட்டாள்.

“அடியே, நான் எப்ப முறைச்சேன், நீ எப்ப நிறுத்துற!”

“நீ எப்பவுமே அப்படித்தானேடி இருப்பே!”

அடுத்த இலையில் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். அதற்கடுத்த இலையில் சரியாக நிறுத்தினாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

செண்பகம் தலை குனிந்திருந்தாள். நின்றபடி பார்த்தால் வகிடுதான் தெரிந்தது. தங்கக்கொடி ரசவாளியைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இப்போது முகம் தெரிந்தது.



“ராத்திரியெல்லாம் அழுதியாடி?”

தங்கக்கொடி ஒரு கரண்டி ஊற்றினாள். முகத்தைப் பார்த்தாள். நிறுத்தினாள்.

“இ... இ...” என்று ஆரம்பித்தாள் செண்பகம்.

பந்தியில் யாரோ களுக்கென்றார்கள். தங்கக்கொடி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். அந்தச் சொல்லை அவளுக்காக முடித்து வைக்கவில்லை.

“இ... இன்னும் கொஞ்சம்.”

ஊற்றினாள்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் அப்பா மகளின் துணிப்பையை எடுத்தார்.

“கெளம்பலாமா தாயி?”

செண்பகம் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். “நா... நா... நாளைக்கு வாங்கப்பா.”

அப்பா பையை அவளிடமே விட்டார். நாளைக்கும் இதையே சொன்னால் அவருக்கு நல்லதுதான்.

அவர் போனபின் அருணாசலம் குருவம்மாவிடம் வந்தார். அவருக்கு மனது ஆறவில்லை.

“ஒரு நாள் ஒழுங்கா ஊத்திட்டா, அவ்வளவுதானே அம்மா? நாளைக்கே மறுபடியும் வாலாட்டினா?”

“ஆட்டலாம்.”

“அப்ப அவளை என்னதான் செய்யுறது?”

குருவம்மா சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே தங்கக்கொடி காலி வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாருக்கும் போட்டுட்டு அவ இன்னும் சாப்பிடலை. ஒரு இலை போட்டு நீங்க பரிமாறுங்க ஐயா. எவ்வளவு வேணும்னு கேக்காதீங்க.”