வேலமரத்தடியில் பன்னிரண்டு குட்டிகள்

இந்தக் கதையில் சீடருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. சீடர் அர்த்தநாரி வாத்தியார், முப்பத்துநாலு வருஷம் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். குரு கோகிலவாணி, கால்நடை டாக்டர். அதே வாத்தியாரிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். காலம் பண்ணுகிற கூத்தைப் பாருங்கள்!

ஓய்வுக்குப் பிறகு வாத்தியார் ஆட்டுக்குட்டி வளர்க்க இறங்கினார். சளியா, கழிச்சலா, எதுவானாலும் நோட்டும் பேனாவுமாக டாக்டரம்மாவிடம் போய் நின்றுவிடுவார். அன்றைக்கு அவர் போனபோது முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

“கண்டுபிடிச்சுட்டேனுங்க, டாக்டரம்மா!”

“என்னங்க சார்?”

சொன்னார். பன்னிரண்டு குட்டியில் ஆறைப் பிரித்து, காலையும் மாலையும் கொறங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட தன் மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிப்போனார். வேலமரத்து நிழலில் உட்கார்ந்து, தவிட்டில் காய்ந்த முருங்கை இலைப் பொடியைக் கலந்து தன் கையாலேயே ஊட்டினார். மற்ற ஆறுக்கும் அதே தவிடுதான், ஆனால் இலை கிடையாது. பட்டியில் தொட்டியில் கொட்டியதோடு சரி. பகல் மேய்ச்சல் பன்னிரண்டுக்கும் அறுத்த சோளக்காட்டில்தான்.

அறுபது நாளில் இலை தின்ற குட்டிகள் மற்றவற்றைவிடத் தலைக்கு மூன்று கிலோ கூடிவிட்டன. அதில் ஒன்றை மாரியம்மன் பொங்கலுக்கு அடித்தார்கள். கறி பஞ்சாட்டம் வெந்ததாம், கவிச்சியே இல்லையாம். ஊரே சப்புக்கொட்டியது.

சப்புக்கொட்டிய ஊர் சும்மா இருக்குமா? எல்லாருடைய கொறங்காட்டிலும் நிற்கிற வேலமரங்களை வெட்டித் தள்ளிவிட்டு முருங்கை வைப்பதென்று பேசி முடித்துவிட்டார்கள். இருநூறு மரம். ஒவ்வொன்றும் அந்த உயரத்துக்கு வர இருபது வருஷம் ஆகியிருக்கும். மரம் நின்றால் நிழலில் முருங்கை வராதே! நாற்பத்தைந்து நாள் கழித்து மரம் அறுக்கிற மெஷின் வருகிறது.

“என் ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்காங்க. நீங்க சரின்னா நானும் சரின்னு சொல்லிருவேன்.”

டாக்டர் நோட்டை வாங்கி மெல்லப் புரட்டினார்.

“பட்டியில நின்ன ஆறையும் கையால தொட்டீங்களா, சார்?”

“அதுகளை எதுக்குங்க தொடறது?”

“நாளையிலிருந்து அதுகளையும் கொறங்காட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க. இலைக்குட்டிகளுக்கு இலை தொடர்ந்து குடுங்க. இதுகளுக்கு வெறும் தவிடு. ஆனா உங்க கையால.”

“எத்தனை நாளைக்குங்க?”

“நாற்பது நாளு.”

வண்டியில் திரும்பி வரும்போது வாத்தியாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கையில் என்ன சத்து இருக்கிறது? ஒருவேளை பத்தாம் வகுப்பில் முட்டி போட வைத்ததற்கு இந்தப் புள்ளை இப்போது பழி வாங்குகிறதோ?

இருந்தாலும் மரத்தடியில் உட்கார்ந்தார். முதல் வாரம் அந்த ஆறும் அவரைக் கண்டதும் நாலு பக்கமும் ஓடின. இலைக்குட்டிகள் ஐந்தும் சட்டைப் பையை மோந்து பார்க்கும். இதுகளோ அவர் இருமினாலே பறந்தன. பத்தாம் நாள் ஒரு கிடாய்க்குட்டி வந்து உள்ளங்கையை நக்கியது. அப்போதுதான் பார்த்தார், அதன் முன்னங்கால் குளம்பிடுக்கில் ஒரு முள். எத்தனை நாளாக நொண்டியதோ! முள்ளைப் பிடுங்கினார். இன்னொன்றின் காதுமடலில் உண்ணி கொத்தாக அப்பியிருந்தது. மற்றொன்றைத் தொட்டிப் பக்கமே அண்டவிடாமல் பெரியவை முட்டித் தள்ளியிருக்கின்றன. விலா எலும்பை எண்ணிவிடலாம்.  அறுபது நாளாக அவர் பட்டியில்தானே நின்றன!

நாற்பதாம் நாள் பதினொன்றையும் தூக்கி எடை போட்டார். அந்த நாற்பது நாளில் இலைக்குட்டிகள் எவ்வளவு கூடினவோ, வெறும் தவிட்டுக் குட்டிகளும் அவ்வளவே கூடியிருந்தன. தராசு கெட்டுவிட்டதோ என்று இன்னொரு தராசை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். அதே எடைதான்.

மெஷின் வருகிற நாளும் வந்தது. காலையிலேயே டாக்டர் கொறங்காட்டுக்கு வந்துவிட்டார். ஊர்க்காரர்கள் முப்பது பேர் வேலியோரம் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நாட்ராயன், வாத்தியாரின் மச்சினன், மரம் வெட்டுகிற யோசனையை ஊரில் கிளப்பிவிட்டவன்.

வாத்தியார் டாக்டரைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“நல்லவேளைங்க டாக்டரம்மா, தப்பா சொல்லிருப்பேன். இலை இல்லைங்க. கைதான்! கிட்ட உக்காந்து பார்த்தாத் தேறிருது. இதையே சொல்லிரட்டுங்களா?”

டாக்டர் குனிந்து, தரையில் கிடந்த ஆட்டுப் புழுக்கையில் ஒன்றைப் பொறுக்கி விரலால் நசுக்கினார். உள்ளே இருந்து கெட்டியாக, பழுப்பாக ஒரு விதை வந்தது. இன்னொன்றை நசுக்கினார். அதிலும் ஒன்று.

“இது என்னங்க சார்?”

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே கிளை கிளையாக வேலங்காய் காய்ந்து தொங்கியது. காற்றடித்ததும் நாலைந்து காய் பொத்துப் பொத்தென்று விழ, குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு ஓடிப் போய்க் கடித்தன. நூறு நாளாக இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒருநாளாவது அதைக் கவனித்தாரா? அவர் கண் முழுக்கத் தவிட்டுக் கிண்ணத்தில்தான் இருந்தது.

“சோளக்காட்டுல இந்த மரம் இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“பட்டியில?”

“இல்லீங்க.”

வாத்தியார் அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ இலைங்களா, கைங்களா, இந்தக் காயிங்களா?”

“முள்ளும் உண்ணியும் போனதுலயே அதுக எட்டிப் பிடிச்சிருக்கலாம், அதனால இலையையும் தள்ள முடியாது. எனக்கும் தெரியலைங்க, சார்.”

என்ன லேசாகச் சொல்லிவிட்டார்! வாத்தியார் அவர் முகத்தையே பார்த்தார். அதில் கொஞ்சமும் கூச்சமில்லை.

“வாத்தியாரே!” வேலியோரத்திலிருந்து நாட்ராயன் கத்தினான். “வெயில் ஏறுதில்ல? இலைதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மெஷினை ஓட்டலாம்!”

“இப்ப இவங்ககிட்ட என்னத்தைங்க சொல்றது?” வாத்தியார் கிசுகிசுத்தார்.

“நான் சொன்னதையே சொல்லுங்க.”

“முப்பது பேரு நிக்கிறாங்க. பாதிப் பேரு என்கிட்டப் படிச்சவங்க.” வாத்தியார் வேலியோரம் திரும்பிப் பார்த்தார். “முப்பத்துநாலு வருஷத்துல ஒருத்தர் முன்னாடியும் நான் தெரியலைன்னு சொன்னதில்லைங்க, டாக்டரம்மா.”

“எனக்குத் தெரியுமுங்க சார். நான் மூணாவது பெஞ்சுல இருந்தேன்.”

அங்கே யாரோ மெஷின் கயிற்றைச் சுண்டினார்கள். ஒருமுறை இருமிவிட்டு நின்றது. குட்டிகள் மிரண்டு ஓடிவந்து வாத்தியாரின் காலோடு ஒட்டிக்கொண்டன. அவர் அந்தக் கிடாய்க்குட்டியின் முதுகில் கை வைத்தபடி, டாக்டரைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார்.

“என்னால ‘தெரியலை’ங்கிற அந்த வார்த்தையைச் சொல்ல முடியலைன்னா?”

கோகிலவாணி கையிலிருந்த இரண்டு விதைகளையும் அவருடைய உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“அப்போ வெட்டச் சொல்லிருங்க, சார்.”