எந்த முள்ளையும் தொடாத மூங்கில்

மழை பொய்த்த ஒரு காட்டில், மிருகங்களுக்கு ஒரே ஒரு குளம்தான் மிச்சமிருந்தது. அங்கிருந்து ஆற்றுக்கு நான்கு நாள் நடை. நல்ல தண்ணீர் இருக்கும்போதே வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கிளம்பினால்தான் குட்டிகள் தாங்கும்.

எப்போது கிளம்புவது என்று எல்லாம் கூடிக் கூடிப் பேசின. அளந்து பார்த்தது முள்ளம்பன்றி மட்டும்தான். தினமும் காலையில் ஆமை மூழ்கி எழுந்து, ஆழம் எத்தனை சாண் என்று சொல்லும். முள்ளம்பன்றி, வற்றிய குளத்தின் அடையாளமாக மணலில் கிழித்திருந்த ஒரு கோட்டில், நாளுக்கு ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்து, ஆழம் எத்தனை சாணோ அத்தனை சாண் கோட்டுக்கு மேலே தள்ளி, தன் முள் ஒன்றை நட்டு வைக்கும்.

பத்து நாளில் பத்து முட்கள். அவை ஒழுங்காக நிற்கவில்லை. யானைகள் குளித்த அன்று நீர் ஏறியிருந்தது. ஒரு நாள் ஆமைக்குத் தூக்கக் கலக்கம். கடைசி நாள் தூறல். ஆனாலும் மொத்தத்தில் அவை கீழே சரிவது தெரிந்தது.

முள்ளம்பன்றி நீண்ட மூங்கில் ஒன்றை முட்களின் நடுவே கிடத்தி, எந்த முள்ளும் ரொம்ப விலகிவிடாதபடி மெல்ல நகர்த்தியது. மூங்கிலின் நுனி, ஆறு நாள் தள்ளிக் கோட்டைத் தொட்டது.

ஆறு நாளில் குளம் வற்றும், ஒரு நாள் முன்பின் ஆகலாம், நாளைக்கே கிளம்புவோம் என்றது.

தலைவனான காட்டெருமைக்குக் குளத்தை விட மனமில்லை. அதன் மனம் அறிந்து பேசும் மயில் முன்னால் வந்தது.

"ஏ முள்ளுக்காரி, உன் மூங்கில் ஒரு முள்ளையாவது தொட்டிருக்கிறதா? இங்கே பார்."

மயில் மூங்கிலை இழுத்துக் கடைசி இரண்டு முட்களின் மேல் வைத்தது. மூங்கில் இரண்டையும் கச்சிதமாகத் தொட்டுக்கொண்டு மேலே ஏறியது. குளம் நிரம்பப் போகிறது என்று எருமைகள் ஆடின.

முள்ளம்பன்றி மூங்கிலை எடுத்து, மூன்றாம் நான்காம் முட்களின் மேல் வைத்தது. அது சரேலென்று சரிந்து, முந்தாநாளின் இடத்திலேயே கோட்டைத் தொட்டது.

"இதுவும் இரண்டைத் தொடுகிறது. இதன்படி குளம் முந்தாநாளே வற்றிவிட்டது. அப்படியானால் தலைவரே, இன்று காலையில் என்ன குடித்தீர்கள்?"

மான்கள் சிரித்துவிட்டன.

அந்தத் தூறல் முள் உனக்கு எதிராகத்தானே நிற்கிறது, அதை ஏன் பிடுங்கவில்லை என்று ஆமை கேட்டது.

"தூறல் பெய்தது நிஜம். நான் பத்தையும் கேட்டுத்தான் மூங்கிலை வைத்தேன். அதனால்தான் அது எதன் பக்கமும் சாயவில்லை."

காட்டெருமை கொம்பை ஆட்டியது. "என் உத்தரவு இல்லாமல் இங்கிருந்து ஒருவரும் போகக் கூடாது."

"உத்தரவு கேட்க வரவில்லை. சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றது முள்ளம்பன்றி.

மறுநாள் விடிந்ததும் மான்களும் முயல்களும் குட்டிகளோடு வயிறு முட்டக் குடித்துவிட்டு அதன் பின்னால் நடந்தன. ஆமையை ஒரு யானை தூக்கிக்கொண்டது. நான்காம் நாள் மாலை எல்லாம் ஆற்றில் இறங்கின.

குளம் ஐந்தாம் நாளே வெறும் சேறானது. எருமைகள் தாகத்தோடு கிளம்பின. அவை ஆற்றை வந்து அடைந்தபோது, கூட்டத்தில் இரண்டு கன்றுகள் இல்லை. மயில் அவற்றுக்கு முன்பே பறந்து வந்திருந்தது.

நீதி: தனக்குப் பிடித்த இரண்டை மட்டும் பார்ப்பவன் வழி தவறுவான், கண்ட அனைத்தையும் கணக்கில் எடுப்பவனே வரப்போவதை அறிவான்.